வேல்சின் ஈயமேடுகளும் அவற்றில் வேர்கொண்ட புல்லும்

பிரித்தானியத் தீவின் மேற்கிலுள்ள வேல்சு நிலக்கரிக்குப் பெயர்பெற்ற நாடு. ஆயினும் அதன் நடுப்பகுதியிலும் வடபகுதியிலும் நிலக்கரியைக் காட்டிலும் மிகத் தொன்மையான இன்னொரு சுரங்கத் தொழில், செம்பையும் ஈயத்தையும் வெள்ளியையும் பின்னாளில் துத்தநாகத்தையும் நாடி, ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. அஸ்ட்வித் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கிலுள்ள கோப்பாக் குன்றில் வெண்கலக் காலத்து மக்கள் கல்சுத்தியலும் மான்கொம்பும் கொண்டு செம்புத் தாதை வெட்டியெடுத்த பள்ளங்களைத் தொல்லியலாளர் அகழ்ந்து காட்டியுள்ளனர். உரோமானியர் காலத்திலும் இடைக்காலத்திலும் தொடர்ந்த அத்தொழில், 17ஆம் நூற்றாண்டில் அரச உரிமம் பெற்ற முதலாளிகளின் கைக்கு மாறியது. இலண்டன் நகருக்குக் குடிநீர்க் கால்வாய் வெட்டிய சர் ஹியூ மிடில்டன் 1617இல் நடு வேல்சின் கார்டிகன்ஷயர் மாவட்டத்துச் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்தார். அவருக்குப் பின் வந்த தாமசு புஷல், ஈயத்தோடு கலந்து கிடைத்த வெள்ளியை அங்கேயே நாணயமாக்கும் பொருட்டு 1637இல் அபெரிஸ்ட்வித் கோட்டைக்குள் ஓர் அக்கசாலையை நிறுவினார்.

இத்தொழில் உச்சம் தொட்டது 19ஆம் நூற்றாண்டில். ஜான் டெய்லர் (1779–1863) என்னும் பொறியாளர் 1830களில் கோகினன் உள்ளிட்ட கார்டிகன்ஷயர்ச் சுரங்கங்களைத் தம் நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவந்து, மலைமேல் ஏரிகளும் நீண்ட நீர்க்கால்களும் அமைத்து, நீர்ச்சக்கரங்களால் ஆழ்குழிகளின் நீரை இறைத்தும் தாதை இடித்தும் உற்பத்தியைப் பெருக்கினார். வடக்கே ஆங்கிள்சித் தீவிலுள்ள பேரிஸ் மலையில் 1768இல் கண்டறியப்பட்ட பெருஞ்செம்புப் படிவம், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகச் செம்புச் சந்தையையே ஆட்டிவைத்தது. பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தைக் கடற்புழு அரிக்காதபடி போர்த்திய செப்புத்தகடுகளுக்கு வேண்டிய செம்பில் பெரும்பங்கு அம்மலையிலிருந்தே சென்றது. தெற்கே சுவான்சிப் பள்ளத்தாக்கில் 1717 முதல் எழுந்த உருக்காலைகள், வேல்சு, கார்ன்வால் தாதுக்களோடு கியூபாவிலிருந்தும் சிலியிலிருந்தும் கப்பலேறி வந்த தாதுக்களையும் உருக்கி, அந்நகரைச் செம்புத் தொழிலின் உலகத் தலைமையிடமாக்கின.

பின்னாளில் மண்ணுக்கு நேர்ந்த கேட்டைப் புரிந்துகொள்ளத் தாது தூய்மையாக்கப்பட்ட முறையைச் சற்று விரிவாகக் காண வேண்டும். சுரங்கத்திலிருந்து வெளிவரும் பாறையில் ஈயத்தின் முதன்மைத் தாதுவாகிய கலீனாவும், துத்தநாகத் தாதுவாகிய ஸ்பேலரைட்டும், வெறுங்கல்லும் பின்னிப் பிணைந்து கிடக்கும். அதைச் சம்மட்டியால் உடைத்து, கையால் பொறுக்கி, இடிப்பு உலக்கைகளில் பொடியாக்கி, நீரில் அலசினால் கனமான கலீனா அடியில் தங்கும், இலேசான கல்பொடி நீரோடு போய்விடும். இந்த உடைப்பு வேலையையும் பொறுக்கும் வேலையையும் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களுமே குறைந்த கூலிக்குச் செய்தனர். அலசுதல் ஒருபோதும் முழுமையாக அமையவில்லை. பிரியாது எஞ்சிய ஈயமும், பல காலம் விலைபோகாததால் வேண்டாப் பொருளென ஒதுக்கப்பட்ட துத்தநாகமும் கழிவோடு சேர்ந்தன. பருமனானவை சுரங்கவாயிலில் மேடுகளாகக் குவிய, நுண்சேறு ஆற்றில் விடப்பட்டது. வெள்ளக் காலங்களில் அச்சேறு கீழ்ப்பள்ளத்தாக்கின் வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் படிந்து கால்நடைகளை நஞ்சூட்டியது. ஆற்று மாசு குறித்து 1870களில் விசாரித்த அரசு ஆணையத்தின் பதிவுகளில் இக்கேடு இடம்பெற்றுள்ளது. 1920களில் அபெரிஸ்ட்வித்தில் பணியாற்றிய விலங்கியலாளர் கேத்லீன் கார்ப்பென்டர், ரைடால், அஸ்ட்வித் முதலிய ஆறுகளில் மீன்கள் அற்றுப்போனதையும், நீர்ப்பூச்சி இனங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்ததையும், சுரங்கங்கள் மூடப்பட்டபின் அவை படிப்படியாக மீண்டதையும் ஆய்ந்து எழுதினார். உலோக மாசு உயிரினங்களை எவ்வாறு தாக்குகிறது என்பதைக் களத்திலேயே அளந்தறிந்த முன்னோடி ஆய்வுகளுள் அது ஒன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் அவருடைய பெயர் நெடுங்காலம் மறக்கப்பட்டே கிடந்தது.

அயல்நாட்டு ஈயம் மலிவாக வந்து குவிந்ததால் 1870களுக்குப் பின் வேல்சின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. குத்தகை முடிந்த நிறுமங்கள் இயந்திரங்களை விற்றுவிட்டு அகன்றன. மேடுகளைச் சீர்செய்யும் கடமையை எந்தச் சட்டமும் அவற்றின்மீது சுமத்தவில்லை. கைவிடப்பட்ட உலோகச் சுரங்கங்கள் வேல்சில் மட்டும் ஏறத்தாழ 1300 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மழை மிகுந்த, எங்கு நோக்கினும் பசும்புல் போர்த்த அந்நாட்டில், நூறாண்டு கடந்தும் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கும் இம்மேடுகள் காண்போர் கண்ணை உறுத்தின.

அவற்றில் செடி வளராமைக்குக் காரணம் ஒன்றன்று. ஈயமும் துத்தநாகமும் செம்பும் வேர்நுனியின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுப்பதால், முளைத்த விதையின் வேர் குட்டையாகி, தடித்து, பழுத்து நின்றுவிடுகிறது; நீரும் உணவும் தேடி இறங்க முடியாத நாற்று சில வாரங்களில் மடிகிறது. அதோடு, பொடித்த பாறையாகிய அம்மண்ணில் மட்கு இல்லை, நைட்ரசனும் பாசுபரசும் இல்லை, நீரைப் பிடித்துவைக்கும் தன்மையும் இல்லை. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் கலந்த இடங்களில், அது காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறி, உலோகங்களை மேலும் கரைத்து விடுவிக்கிறது. பேரிஸ் மலையின் செந்நிறக் கழிவுகள் இவ்வகையின.

ஆனால் அம்மேடுகள் முற்றிலும் மொட்டையாக இருக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் திருப்புமுனை. அங்குமிங்குமாகச் சில புல் தூர்கள், குறிப்பாக அக்ராஸ்டிஸ் கபில்லாரிஸ் (முன்னைய பெயர் அக்ராஸ்டிஸ் டெனுயிஸ்) என்னும் மெல்லிய மேய்ச்சற்புல்லும், ஃபெஸ்டூக்கா ரூப்ரா என்னும் செந்தாள் புல்லும், கழிவின் நடுவிலேயே வேர்கொண்டு நின்றன. இவை அரிய செடிகள் அல்ல. அக்கம்பக்கத்து மேய்ச்சல் நிலமெங்கும் மண்டிக் கிடக்கும் மண்ணின் புற்களே. ஒரே இனத்துப் புல் வேலிக்கு இப்புறம் நஞ்சில் தழைப்பதும் அப்புறத்திலிருந்து வந்து விழும் விதை இங்கே முளைத்து மடிவதும் ஏன் என்ற வினாவை முறையாக எழுப்பியவர் ஆந்தனி டேவிட் பிராட்ஷா (1926–2008). அபெரிஸ்ட்வித்தில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் அவர் கோகினன் ஈயமேட்டிலிருந்து பெயர்த்தெடுத்த புல்லையும் சாதாரண மேய்ச்சல் நிலத்துப் புல்லையும் சுரங்க மண்ணில் அருகருகே நட்டு, முன்னது வளர்வதையும் பின்னது வேர்விடாமல் சாவதையும் கண்டு, 1952இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். தாங்கும் ஆற்றல் மண்ணால் வந்த பழக்கமன்று, மரபுவழி வரும் பண்பு என்பது அதன்வழி உறுதிப்பட்டது.

இந்த ஆற்றலை அளப்பதற்கு 1957இல் வில்கின்சு என்பவர் வகுத்த முறை, தன் எளிமையாலேயே அடுத்த கால் நூற்றாண்டின் ஆய்வுகள் பலவற்றையும் தாங்கி நின்றது. ஒரு புல்லின் தூரிலிருந்து ஒரே அளவான கிளைப்புகளைப் பிரித்து, வேரை முற்றும் நறுக்கிவிட்டு, பாதியைக் கால்சியம் நைட்ரேட் கரைந்த நீரிலும், மறுபாதியை அதே நீரில் சிறிதளவு ஈய உப்புச் சேர்த்தும் நிறுத்த வேண்டும். சில நாள்களில் கணுவிலிருந்து புதுவேர்கள் வெள்ளையாக இறங்கும். அவற்றுள் மிக நீண்டதை அளவுகோலால் அளந்து, ஈயநீரில் வளர்ந்த நீளத்தை வெறுநீரில் வளர்ந்த நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் விழுக்காடே அச்செடியின் தாங்குதிறன் எண். சுரங்கப் புல் இரு நீரிலும் ஏறத்தாழ ஒரே நீளத்துக்கு வேர்விடும். மேய்ச்சல் நிலப்புல்லோ ஈயநீரில் வேரே விடாது, அல்லது பழுப்பேறிய ஒரு முனையோடு நின்றுவிடும். ஈயத்தைத் தாங்கும் செடி செம்பைத் தாங்க வேண்டுமென்ற கட்டாயமில்லை என்பதும், ஒவ்வோர் உலோகத்துக்கும் தனித்தனித் தாங்குதிறன் உண்டென்பதும் இந்தச் சோதனையாலேயே தெளிவாயிற்று.

பிராட்ஷா 1952 முதல் பாங்கர் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் 1968 முதல் லிவர்பூல் பல்கலைக்கழகத்திலும் தம் மாணவர்களோடு இவ்வாய்வை வளர்த்தெடுத்தார். வட வேல்சின் துரூசகோய்ட் பள்ளத்தாக்கிலுள்ள சிறியதொரு செம்புச் சுரங்கத்தின் எல்லையைக் குறுக்கே அளந்த அவர் மாணவர் மெக்நீலி, காற்று வரும் பக்கத்தில் சுரங்க மண்ணிலிருந்து மேய்ச்சல் மண்ணுக்குச் செல்லும்போது சில எட்டுகளுக்குள்ளாகவே தாங்குதிறன் செங்குத்தாக வீழ்வதையும், காற்று போகும் பக்கத்தில் சுரங்கப் புல்லின் மகரந்தம் காற்றோடு சென்று கலப்பதால் அது நெடுந்தொலைவுக்கு மெல்ல மெல்லக் குறைவதையும் காட்டினார். சுரங்கப் புற்கள் அண்டை நிலத்துப் புற்களைவிடச் சற்று முன்னதாகவே பூத்துவிடுவதையும், அதனால் அயல் மகரந்தம் வந்து தாங்குதிறனைக் கெடுக்கும் வாய்ப்புக் குறைவதையும் அவரும் ஜானிஸ் ஆன்டனோவிக்சும் 1968இல் வெளியிட்டனர். சாதாரண மேய்ச்சற்புல்லின் விதையைச் செம்பு மண்ணில் தூவினால் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு நாற்றுகள் பிழைக்கும் என்றும், அவற்றின் வழித்தோன்றல்களே மேட்டை நிரப்புகின்றன என்றும் தெரியவந்தது. பரிணாமம் மனித வாழ்நாளுக்குள் கண்முன் நிகழக்கூடியதென நிறுவிய சான்றுகளுள் இவை முன்வரிசையில் நிற்பவை. மனிதப் பேராசை நஞ்சாக்கிய மண்ணிலேயே இயற்கைத் தேர்வு, யாரும் கேளாமல், மருந்தையும் தேர்ந்து வைத்திருந்தது.

அந்த மருந்தைப் பயன்படுத்தும் எண்ணம் 1960களில் முதிர்ந்தது. சுவான்சியின் கீழ்ப்பள்ளத்தாக்கில் உருக்காலைக் கசடுகள் குவிந்துகிடந்த பெரும்பரப்பை மீட்பதற்கென 1961இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில், உலோகந்தாங்கும் புல் வகைகளும் கழிவுநீர்க் கசடும் மரக்கன்றுகளும் சோதிக்கப்பட்டன. பள்ளிச் சிறுவர்கள் மரம் நடவும் காக்கவும் ஈடுபடுத்தப்பட்டதால், மரக்கன்றுகளை ஒடித்துப்போடும் வழக்கம் அவ்வூரில் குறைந்தது என்பது அத்திட்டத்தின் பெருமைகளுள் ஒன்று. ஈயமேடுகளில் லிவர்பூல் குழுவினர் நடத்திய சோதனைகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. கடைகளில் விற்கும் சாதாரண மேய்ச்சற்புல் விதை உரத்தின் வலிமையால் முதற்பருவத்தில் பசுமையாக எழுந்து, பின்னர் பழுத்துப் பட்டுப்போனது. சுரங்கப் புல்லின் விதையோ, உரம் தொடர்ந்து கிடைத்தவரை, ஆண்டுக்காண்டு தூர் பெருக்கி மண்ணைப் பிணைத்தது. உரமின்றி எந்தப் புல்லும் நிலைக்கவில்லை. தாங்குதிறன் நஞ்சுக்குத்தான் விடை, பசிக்கு விடையன்று என்பது அதன் பாடம்.

இச்சோதனைகளின் விளைவாக மூன்று புல் வகைகள் பெயரிடப்பட்டு விதை வணிகத்துக்கு வந்தன. அமிலத்தன்மையுள்ள ஈய, துத்தநாகக் கழிவுகளுக்கு 'கோகினன்' என்னும் அக்ராஸ்டிஸ் வகையும், செம்புக் கழிவுகளுக்குப் பேரிஸ் மலையின் பெயர்தாங்கிய மற்றோர் அக்ராஸ்டிஸ் வகையும், சுண்ணாம்புப் பாறை சார்ந்த ஈய, துத்தநாகக் கழிவுகளுக்கு ஃபிளின்ட்ஷயரின் டிரெலோகன் சுரங்கத்துச் செந்தாள் புல்லிலிருந்து பெறப்பட்ட 'மெர்லின்' என்னும் வகையும் உரியவை. நூறாண்டுக்கு முன் தாதுவுக்காக அறியப்பட்ட சுரங்கங்கள் சிலவற்றின் பெயர் அதன்பின் விதைப்பைகளில் அச்சாகியது.

செடிகளைக் கொண்டு மாசுற்ற மண்ணைச் சீர்செய்யும் முறைகளுக்குத் தாவரவழிச் சீராக்கம் என்று பெயர். அதற்குள் முற்றிலும் வேறான இரு நோக்கங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, உலோகத்தை மண்ணிலேயே விட்டுவைத்து, அது தூசியாய்ப் பறக்காமலும் மழையில் அரித்து ஆற்றுக்குச் செல்லாமலும் வேர்வலையால் கட்டிப்போடுவது. இது தாவரவழி நிலைநிறுத்தம். மற்றொன்று, உலோகத்தை வேரால் உறிஞ்சி இலைகளில் பெருமளவு சேர்த்துவைக்கும் செடிகளை வளர்த்து, அறுவடை செய்து அகற்றுவது; இது தாவரவழிப் பிரித்தெடுப்பு. வேல்சின் புற்கள் முதல் வகைக்கு உரியவை. அவை உலோகத்தைப் பெரும்பாலும் வேரின் உயிரணுச் சுவர்களிலும் உயிரணுக்குள்ளிருக்கும் சேமிப்புப் பைகளிலும் ஒதுக்கி வைப்பதால், இலைக்கு ஏறுவது ஒப்பளவில் குறைவு. எனினும் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாததால், மீட்ட மேடுகளில் ஆடுமாடு மேய்ப்பது கட்டுப்படுத்தப்பட வேண்டியதாயிற்று.

இரண்டாம் வகைக்கு உரிய செடியும் ஐரோப்பியச் சுரங்க மண்ணுக்கு அயலானதன்று. நோக்கேயா கெருலெசென்ஸ் என்னும் சிறு வெண்பூச்செடி வேல்சு உட்பட ஐரோப்பாவின் பழைய ஈய, துத்தநாகச் சுரங்கங்களை ஒட்டி வளர்கிறது. இதற்கு நெருங்கிய துத்தநாக மண் செடிகளின் இலைச்சாம்பலில் துத்தநாகம் மலைக்கத்தக்க அளவில் இருப்பதை 1885இலேயே ஜெர்மானியரான பாமன் பதிந்துள்ளார். 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வோபர்னில், கழிவுநீர்க் கசடு இட்டதால் துத்தநாகம் மிகுந்த பண்ணை மண்ணில் இச்செடியைப் பயிரிட்டுச் சோதித்தபோது, அது பிற பயிர்களைக் காட்டிலும் பன்மடங்கு துத்தநாகத்தை ஒவ்வோர் அறுவடையிலும் அகற்றியது. இச்செய்தியைக் கேட்டு, சுரங்க மேடுகளையும் இப்படியே தூய்மையாக்கிவிடலாம் என்று எழுதியோர் பலர். அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு எக்டேர் நிலத்தில் 20 செ.மீ. ஆழத்து மேல்மண் ஏறத்தாழ 2500 டன் எடையுள்ளது. அதில் ஒரு விழுக்காடு ஈயம் இருப்பதாகக் கொண்டால், ஈயம் மட்டும் 25 டன். ஓர் ஆண்டில் 5 டன் உலர்ந்த தழை விளைந்து, அத்தழையின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஈயமாக இருந்தாலும் அகல்வது 5 கிலோ. மண் தூய்மையாக 5000 ஆண்டுகள் வேண்டும். பிரித்தெடுப்பு முறை மாசு குறைந்த வயலுக்கு உதவலாம். சுரங்க மேட்டுக்கு உரியது நிலைநிறுத்தமே.

அந்த நிலைநிறுத்தத்துக்கும் எல்லை உண்டு. வட வேல்சில் கான்வி ஆற்றை ஒட்டிய மலைப்பகுதியிலுள்ள பார்க் சுரங்கத்தின் கழிவுச் சேற்றுமேடு 1964 வெள்ளத்தில் உடைந்து கீழ்நிலத்து வயல்களில் பரவியது. 1970களின் இறுதியில் அதைச் சீர்செய்தோர் புல்லை மட்டும் நம்பாமல், மேட்டின் சரிவைத் திருத்தி, கற்கழிவால் மூடி, அதன்மேல் புல் வளர்த்தனர். 1966இல் தெற்கு வேல்சின் அபெர்ஃபான் ஊரில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடி, 116 குழந்தைகள் உட்பட 144 பேரைப் பலிகொண்ட பின், கழிவுமேடுகளைச் சீர்செய்ய அரசு பணம் ஒதுக்கத் தொடங்கியது. பணம் வந்ததும் பொறியியல் முறைகள் முன்னுக்கு வந்தன, தாங்குபுல் விதை பின்னுக்குச் சென்றது. மேலும், ஆறுகளுக்கு வரும் உலோகத்தில் ஒரு பங்கு மேட்டிலிருந்து அரித்து வருவதாக இருக்க, மற்றொரு பங்கு மலைக்குள் கைவிடப்பட்ட நீர்வடி குகைகளிலிருந்து இடைவிடாது கசிகிறது. அதைத் தடுக்கப் புல்லால் இயலாது. கார்டிகன்ஷயரிலுள்ள ஃபிரான்கோக் சுரங்கத்தில் 2011 முதல் நடந்த பணிகள் ஓடையைச் சுரங்கத்துக்குள் இறங்காமல் திருப்பிவிடுவதிலிருந்தே தொடங்கியதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலோக மண்ணில் மட்டுமே செழிக்கும் செடிகளும் பாறைப்பாசிகளும் கூடிய புல்வெளிகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட ஆணை தனி வகையாகப் பட்டியலிட்டுப் பாதுகாக்கிறது. வேல்சின் பழைய சுரங்கங்கள் சில இக்காரணத்தால் காக்கப்பட்ட இடங்களாக உள்ளன. மூடித் தூய்மையாக்கும்போது, தாங்குதிறனைச் சேமித்து வைத்திருக்கும் உயிர்ச்செல்வமும் புதைந்துபோகிறது. ஆதலால் எந்த மேட்டைத் தொடுவதற்கு முன்பும் அதில் தாமாக வளர்ந்தவற்றின் விதையை முதலில் சேகரிப்பதே அறிவுடைமை.

இவ்வறிவுரை தமிழருக்கு நேரடியாகப் பொருந்தும். கோகினனை நடத்திய ஜான் டெய்லர் நிறுவிய குடும்ப நிறுமமே, 'ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்' என்ற பெயரில் 1880 முதல் கோலார் தங்கவயலை நிருவகித்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அச்சுரங்கங்களில் உழைத்தனர். 2001 பிப்ரவரி 28இல் அவை மூடப்பட்டபோது, பொடித்த பாறையிலிருந்து சைனைடு கொண்டு பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு, ஏறத்தாழ 3.3 கோடி டன், நகரைச் சூழ்ந்து மேடுகளாக நின்றது. காற்றுக் காலத்தில் அதன் தூசி குடியிருப்புகளில் இன்றும் படிகிறது. அம்மேடுகளை மீண்டும் பதப்படுத்தி எஞ்சிய பொன்னை எடுக்கும் பேச்சு தொடர்ந்து எழுகிறது. வேல்சின் புற்களை அங்கே கொண்டுவந்து விதைப்பது வீண். அவை குளிர்நாட்டுப் புற்கள், கோலாரின் வறண்ட மண்ணில் நில்லா. கொண்டுவர வேண்டியது வழிமுறை. மேடுகளின் சரிவிலும் ஓரத்திலும் தாமாக வேர்கொண்ட உள்ளூர்ப் புற்கள் எவை, அவற்றுள் எது மெய்யாகவே தாங்குதிறன் பெற்றது என்பதைக் கிளைப்பு, கண்ணாடிக் குவளை, அளவுகோல் ஆகியவற்றைக் கொண்டே ஒரு கல்லூரித் தாவரவியல் துறையால் கண்டறிய முடியும். மேடுகளைத் தோண்டும் இயந்திரங்கள் வருமுன் அப்பணி தொடங்கப்பட வேண்டும்.